வால்வு திறந்தாச்சு, மெசேஜ் மட்டும் வரலை: ஹூப்ளியிலும் பெங்களூருவிலும் நடந்த ஒரு தண்ணீர்த் தகவல் திட்டம்

குடிநீர் வாரியத்துக்கு மொபைல் ஆப் செய்து தரப்போகிறோம் என்று யாராவது கிளம்பினால், "முதலில் நெக்ஸ்ட்டிராப் கதையை முழுசாகப் படித்துவிட்டு வாங்க" என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று வீடுகளுக்கு முன்கூட்டியே போனில் சொல்ல முயன்ற ஒரு நிறுவனம் அது, கர்நாடகத்தில் நடந்த கதை. யோசனை நல்லது, செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், கையில் கொஞ்சம் பணம் இருந்தது, வாரியம் கதவைத் திறந்துவிட்டது, போதாததற்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே இருந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு எங்கெங்கே கசிந்தது என்பது ஒளிவுமறைவில்லாமல் பதிவாகியிருக்கிறது. இந்தத் துறையில் அது அபூர்வம். நம் பக்கத்துத் திட்டங்கள் பெரும்பாலும் திறப்பு விழாப் படத்தோடு செய்தித்தாளை விட்டுப் போய்விடும், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளிருக்காது.

முதலில் ஊர். ஹூப்ளி-தார்வாட் இரட்டை நகரம், 2011 கணக்கெடுப்பில் சுமார் 9.4 லட்சம் பேர். மலப்பிரபா ஆற்றின் குறுக்கே சவதத்திக்குப் பக்கத்தில் கட்டிய அணையிலிருந்தும் நீர்சாகர் ஏரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது. உலக வங்கி உதவியோடு 2008 வாக்கில் 8 வார்டுகளில் மட்டும் 24 மணி நேரக் குடிநீர் வந்துவிட்டது. நாடு முழுக்க அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போன வார்டுகள் அவை. மீதி ஊருக்கு அப்போது முறைத் தண்ணீர்தான். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வந்தால் அது கொடுத்துவைத்த தெரு.

முறைத் தண்ணீர் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. தொட்டியில் இருக்கிற தண்ணீரை எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் அழுத்தம் செத்துப்போய்க் கடைசித் தெருவுக்கு வெறும் காற்றுதான் வரும். அதனால் ஊரைச் சின்னச் சின்ன வால்வுப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கிறார்கள். திறப்பவர் வால்வ்மேன். தோளில் ஆளுயரச் சாவி, டூவீலரில் அல்லது நடையாக, தெருவோரக் குழியின் மூடியைத் தள்ளிவிட்டு, உள்ளே சேறும் தண்ணீருமாய் நிற்கிற வால்வின் தலையில் சாவியை மாட்டி, இந்த வால்வுக்கு எத்தனை சுற்று, அந்த மேட்டுத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று கையே கணக்கு வைத்துக்கொள்ளும். எந்தத் தெருவுக்கு என்றைக்கு, எவ்வளவு நேரம் என்பதற்கு ஆபீசில் ஒரு அட்டவணை இருக்கும். மின்சாரம் போனது, மெயின் குழாய் உடைந்தது, தொட்டி பாதிதான் நிரம்பியது என்று வருகிற ஒவ்வொரு தடங்கலுக்கும் அதில் அடித்து எழுதுவது வால்வ்மேன்தான், அதுவும் மனசுக்குள். ஏரிப் பாசனத்தில் மடை திறக்கிற நீர்க்கட்டிக்கு எந்த வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்று தெரிந்த மாதிரி, இவருக்கு ஊர் தெரியும். வாரியத்துக்குத் தெரியாது.

தெரியாத தகவலுக்கு விலை கொடுப்பது வீட்டிலிருப்பவர்கள். இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று தெரியாமல் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்த ஒருவர் அநேகமாகப் பெண். கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தால் அன்றைய கூலி போச்சு. மாடியில் டேங்கும் கீழே சம்ப்பும் வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை, எப்போது வந்தாலும் நிரம்பிக்கொள்ளும். குடமும் டிரம்மும் மட்டும் வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் நேரம் முக்கியம்.

இந்த இடத்தில்தான் பெர்க்லி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த சிலர் 2010 வாக்கில் உள்ளே வருகிறார்கள். அனு ஸ்ரீதரன், எமிலி கும்பெல் போன்றவர்கள். தண்ணீரை அதிகமாக்க அவர்களால் முடியாது, வருகிற நேரத்தையாவது முன்கூட்டிச் சொல்லலாமே என்பதுதான் நெக்ஸ்ட்டிராப்பின் அடிப்படை. 2011-ல் அமெரிக்காவின் நைட் அறக்கட்டளை நடத்திய நியூஸ் சேலஞ்ச் போட்டியில் ஜெயித்துப் பணமும் கிடைத்தது.

முதல் யோசனை, மக்களிடமே கேட்பது. குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு போன் போடுங்கள், நாங்கள் அக்கம்பக்கத்துக்குச் சொல்கிறோம். காகிதத்தில் அழகாக இருக்கும். தண்ணீர் வந்த நிமிடத்தில் மனிதர் குடத்தை எடுப்பாரா போனை எடுப்பாரா? தான்சானியாவில் ஏறக்குறைய அதே காலத்தில் டராஜா என்ற தொண்டு நிறுவனம் 'மாஜி மடோனே' என்ற பெயரில் பழுதான குடிநீர் இடங்களை எஸ்.எம்.எஸ். மூலம் மக்கள் தெரிவிக்கட்டும் என்று முயன்றது. 3,000 மெசேஜ் எதிர்பார்த்த இடத்தில் முன்னோட்ட ஆறு மாதத்தில் வந்தது 53. அவர்கள் அதை மறைக்காமல் ஊருக்கே சொல்லிவிட்டுத் திட்டத்தை மாற்றினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. நெக்ஸ்ட்டிராப் ஆட்களும் சீக்கிரமே ரூட்டை மாற்றி, தகவல் ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவரிடமே, அதாவது வால்வ்மேனிடமே, போனார்கள்.

ஏற்பாடு இப்படி. வால்வ்மேன் வால்வைத் திறக்கும்போது ஒரு எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். மறுமுனையில் பதிவு செய்த குரல், ஐ.வி.ஆர். முறை, தன் பகுதிக்கான எண்ணை அமுக்கினால் வேலை முடிந்தது. அந்தப் பகுதியில் பதிவு செய்திருக்கிற வீடுகளுக்கு, அரை மணி ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று எஸ்.எம்.எஸ். போகும். அப்புறம் அதே பகுதியில் சில வீடுகளைக் கூப்பிட்டு, நிஜமாகவே வந்ததா என்று சரிபார்ப்பார்கள். அந்தக் காலத்து வால்வ்மேன் கையில் இருந்தது பட்டன் போன். அதில் ஓடுகிற, படிக்கவோ டைப் செய்யவோ தேவையில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இன்றைக்கு இதே வேலைக்கு ஆளாளுக்குப் பதினாறு கட்டம் உள்ள ஆண்ட்ராய்டு ஃபார்ம் செய்து தருகிறார்கள், அதில் ஏழெட்டு கட்டம் ஆபீசுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருக்கும்.

பொறியாளர்களுக்கும் இதில் லாபம் இருந்தது. தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர், எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வேலை, ஒரே திரையில் வந்து நின்றது.

அடுத்தது வரைபடம். விற்பனைப் பேச்சில் வராத, ஆனால் மொத்தப் பணத்தையும் நேரத்தையும் தின்கிற பகுதி இதுதான். "உங்கள் பகுதிக்குத் தண்ணீர் வருகிறது" என்று சொல்ல, எந்த வீடு எந்த வால்வில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். முறைத் தண்ணீர் ஊர்களில் வாரியத்தின் வரைபடம் குழாய் போட்ட வருஷத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அதற்கு மேல் இருபது வருஷமாகப் புது இணைப்பு, புது வால்வு, அடைத்துவிட்ட குழாய், கவுன்சிலர் கேட்டு வெட்டி ஒட்டிய குழாய் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். வால்வுப் பகுதியின் எல்லை தெருவின் நடுவே போகும். கிழக்கு வரிசைக்குச் செவ்வாய்க்கிழமை, மேற்கு வரிசைக்கு வியாழக்கிழமை. மூலை வீட்டுக்கு இரண்டு பக்கமும் குழாய் இருக்கும், ஆனால் இணைப்பு எதிலிருந்து என்பது அந்த வீட்டுக்காரருக்கும் பிளம்பருக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே வால்வ்மேன் கூடவே நடந்து, அவர் கைகாட்டுகிற இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை.

அப்புறம் வீட்டைப் பதிவு செய்யும்போது ஜி.பி.எஸ். எடுப்பார்கள். திறந்த வெளியில் சாதா போன் ஐந்து மீட்டருக்குள் காட்டிவிடும். இரண்டு பக்கமும் மூன்று மாடி எழுந்து நிற்கிற பத்தடிச் சந்தில் அதே போன் உங்களை எதிர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார வைக்கும். அங்கே வால்வு வேறு என்றால் இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மெசேஜும் தப்பாகத்தான் இருக்கும், வால்வ்மேன் எவ்வளவு ஒழுங்காக போன் செய்தாலும். மூன்று தடவை தப்பாக வந்தால் நான்காவதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கட்டண ரசீதில் இருக்கிற இணைப்பு எண்ணோடு வால்வு எண்ணையும் எழுதிவைப்பது ஜி.பி.எஸ். புள்ளியைவிடப் பத்து மடங்கு உபயோகம் என்பது என் கட்சி.

ஹூப்ளிக்குப் பிறகு பெங்களூரு. அளவே வேறு. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் காவிரித் தண்ணீரை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் மேலேற்றிக் கொண்டுவருகிற நகரம் (காவிரியைப் பற்றி நாம் பேச ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும், விட்டுவிடுவோம்). அவ்வளவு மின்சாரம் செலவழித்துக் கொண்டுவந்த தண்ணீரும் கடைசி அரை கிலோமீட்டரில் ஒரு மனிதர் சாவி போட்டுத் திருகித்தான் வீட்டுக்கு வருகிறது. பெங்களூரு குடிநீர் வாரியத்தோடு சேர்ந்து நெக்ஸ்ட்டிராப் அங்கே இறங்கியபோது, பெர்க்லியைச் சேர்ந்த அலிசன் போஸ்ட், இஷா ரே, தனு குமார் ஆகியோர் 2015-ல் நகரத்தின் கிழக்குப் பகுதியில் சுமார் 3,000 வீடுகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சில பகுதிகளுக்கு மெசேஜ் சேவை, சில பகுதிகளுக்கு இல்லை, எது எது என்பது குலுக்கல் முறையில். மருந்தைச் சோதிக்கிற மாதிரியான ஏற்பாடு, தண்ணீர்த் தகவலுக்கு.

முடிவு 2018-ல் வெளியானது. தண்ணீருக்காக வீட்டில் காத்திருப்பதிலோ, மாற்றுத் தண்ணீருக்குச் செய்கிற செலவிலோ சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவுமில்லை. குறைந்த வருமான வீடுகளில், தண்ணீரைப் பற்றிய மனஉளைச்சல் மட்டும் ஓரளவு குறைந்திருந்தது. அந்தக் கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குப் படுகிறது. குறையோடு ஓடிய ஒரு சேவைகூட ஏழை வீட்டில் கொஞ்சம் நிம்மதி கொடுத்திருக்கிறது. ஆனால் முதலீட்டாளரிடமும் வாரியத்திடமும் "நிம்மதி" என்று சொல்லி அடுத்த வருஷப் பணத்தை வாங்க முடியாது.

ஏன் பெரிய பலன் இல்லை? ஆய்வாளர்கள் தகவல் போகிற பாதையையும் ஒரு குழாயாகப் பார்த்து, கசிவு எங்கே, அடைப்பு எங்கே என்று தேடியிருக்கிறார்கள். வால்வ்மேன் போன் செய்தாரா, சரியான நேரத்தில் செய்தாரா, வீடு சரியான பகுதியில் பதிவாகியிருக்கிறதா, மெசேஜ் வந்து சேர்ந்ததா, வந்த போன் யார் கையில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து இடத்திலும் பத்துக்கு எட்டு சரியாக நடந்தாலே மூன்றில் ஒரு பங்குதான் முழுசாகப் போய்ச் சேரும். இது உதாரணக் கணக்கு, ஆய்வின் எண் அல்ல. ஆனால் இந்த மாதிரிக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் இருக்காது, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் காட்டி "80 சதவீதம்" என்று பச்சை நிறம் அடித்திருப்பார்கள்.

இருப்பதிலேயே பெரிய அடைப்பு முதல் இடத்தில், வால்வ்மேனிடத்தில். இதைத் தனியாகவே எடுத்துக்கொண்டு கிறிஸ்டோபர் ஹியூன், போஸ்ட், ரே மூவரும் இன்னொரு ஆய்வு எழுதினார்கள். ஹியூன் வால்வ்மேன்களோடு சுற்றி, அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தவர். வால்வ்மேன் சோம்பேறி, பழைய ஆள், தொழில்நுட்பம் தெரியாதவர் என்கிற மாதிரியான ஆபீஸ் விளக்கங்களுக்கு அங்கே வேலை இல்லை. வேலைக்கு வெளியே அவருக்கிருக்கிற குடும்பப் பொறுப்பும் பணத் தேவையும்தான் அந்த போன் காலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்டது.

அவர் இடத்தில் நின்று பாருங்கள். வாரியம் அவரை எடைபோடுவது தண்ணீர் போனதா, புகார் வந்ததா என்பதை வைத்து. போன் செய்தால் சம்பளம் ஏறாது, செய்யாவிட்டால் இறங்காது. சாவி பிடித்த கை சேறு, போன் சட்டைப்பையில். சம்பளம் பத்தாமல் பக்கத்தில் வேறு வேலையும் பார்க்கிறவராக இருந்தால், இந்தத் தெருவை முடித்துவிட்டு அங்கே ஓட வேண்டும், இல்லை பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். இதில் ஒவ்வொரு வால்வுக்கும் நின்று, குரலைக் கேட்டு, எண்ணை அமுக்கி. சரி, ஒழுங்காகச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மெசேஜ் போய்விட்டது, பத்து நிமிடத்தில் மின்சாரம் போய் பம்ப் நின்றுவிட்டது. இப்போது முந்நூறு வீட்டிடம் எழுத்துப்பூர்வமாக வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியவர் யார்? முன்பெல்லாம் அவர் வாயால் சொன்னது, "வரலாம்" என்று இழுத்துச் சொன்னது, நேரத்துக்கு ஏற்ப வளையும். மெசேஜ் வளையாது.

இன்னொன்றும் உண்டு, இதை நான் பல ஊர் வைத்துச் சொல்கிறேன். தெருவில் பாதிப் பேரிடம் வால்வ்மேன் நம்பர் இருக்கும். "அண்ணே, இன்னைக்கு எங்க லைனுக்கு உண்டா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். அந்த உறவில் ஒரு மரியாதை இருக்கிறது, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கையில் ஏதாவது வருவதும் இருக்கிறது. அவருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறோம், அதையும் அவர் கையாலேயே. தயங்கினால் கோபப்படுவதில் நியாயமில்லை.

மறுமுனையின் அடைப்பு இதைவிட எளிமையானது. வீட்டுக்கு ஒரு போன், அது கணவர் சட்டைப்பையில், அவர் வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் வருகிற தகவல் நகரத்தின் இன்னொரு மூலையில் பீப் அடிக்க, குடத்தோடு காத்திருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பதிவு செய்யப் போகிறவர் "வீட்டில் தண்ணீர் பிடிக்கிறது யாருங்க, அவங்க நம்பர் சொல்லுங்க" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் தீரக்கூடிய பகுதியும் இதில் உண்டு, அவருக்கென்று தனி போனே இல்லாத வீட்டில் அதுவும் தீராது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கென்யாவின் தலைநகரம் நைரோபி ஒன்று போதும். அங்கே 2010-களின் நடுவில் நகரக் குடிநீர் நிறுவனம் 'ஜிசோமே மிடா' என்ற சேவையைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் தன் மீட்டரைத் தானே பார்த்து, சாதா போனில் எண்ணை அனுப்பினால் பில் தொகை திரும்பி வரும், போன் வழியாகவே பணம் அனுப்புகிற எம்-பெசாவில் கட்டிவிடலாம். மீட்டர் ரீடர் எப்போது வருவார், எதை எழுதிவிட்டுப் போவார் என்ற தொல்லை இல்லை. கையில் காசு இருக்கிற நேரமாகப் பார்த்துக் கொஞ்சமாகக் கட்டலாம் என்பது தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். தொழில்நுட்பம் நெக்ஸ்ட்டிராப்பைவிட உயர்ந்தது இல்லை. தகவலை அனுப்புகிறவரும் பலனை அனுபவிக்கிறவரும் அங்கே ஒரே ஆள், அவ்வளவுதான் வித்தியாசம். பெங்களூருவில் அனுப்புவது ஒருவர், அனுபவிப்பது முந்நூறு பேர்.

இப்போது எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே, இதெல்லாம் பழைய கதை இல்லையா என்று கேட்கலாம். சில விஷயம் நிஜமாகவே சுலபமாகிவிட்டது. நெட்வொர்க் இல்லாத இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு அனுப்புகிற ஃபார்ம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மீட்டரைப் படம் பிடித்தால்தான் ரீடிங் பதிவாகும் என்று வைத்தால் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிற ரீடிங் கணிசமாகக் குறையும். ஆனால் வால்வ்மேன் பிரச்சினைக்குப் பலர் எடுக்கிற வழி, ஆப்பில் ஜி.பி.எஸ். முத்திரை போட்டு அவரைத் துரத்துவது. அதைச் செய்த உடனே போனின் சார்ஜ் தீர்ந்துபோகிற நாட்கள் அதிகமாகும், கேட்டால் பேட்டரி பழசு சார் என்பார், பழசாகத்தான் இருக்கும், வாரியம் வாங்கிக் கொடுத்ததா என்ன?

குழாயிலேயே அழுத்தமானி வைத்து, தண்ணீர் ஏறியதும் தானாக மெசேஜ் போகிற மாதிரி செய்யலாம். முக்கியமான குழாய்களுக்குச் சரி. தெருவுக்குத் தெரு வைத்தால் அதற்கு பேட்டரி மாற்ற, சேறு துடைக்க, திருடு போகாமல் பார்க்க யார் போவார்? அதே வால்வ்மேன்தான்.

தமிழ்நாட்டு கிராமங்களில் இந்த இடத்தில் இருப்பவர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, குளோரின் போடுவது, வால்வு திறப்பது எல்லாம் அவர் தலையில், ஊராட்சி கொடுக்கிற சொற்பச் சம்பளத்தில். 2019-ல் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் என்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிட் வைத்துத் தண்ணீரைச் சோதித்து முடிவைப் போர்ட்டலில் ஏற்றுகிற ஏற்பாடும் இருக்கிறது. இவர்களுக்காக அடுத்து ஒரு ஆப் செய்கிறவர் பெங்களூரு ஆய்வை வைத்து டெண்டரில் சேர்க்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது கொஞ்சம்தான். தகவல் அனுப்புகிறவருக்கு போன், ரீசார்ஜ், செய்கிற நேரத்துக்குக் கூலி, இந்த மூன்றும் தனி வரியாக மதிப்பீட்டில் வர வேண்டும், சாப்ட்வேர் விலைக்குள் ஒளிந்துகொண்டு வேண்டாம். மின்சாரம் போய்த் தண்ணீர் நின்றால் "மின்தடை" என்று ஒரே பட்டனில் அவர் சொல்ல, அடுத்த மெசேஜ் வாரியத்தின் பெயரில் போக வேண்டும், திட்டு அவருக்கு விழாமல். அவர் அனுப்பிய தகவலை வைத்து அவருக்கே ஒரு உபயோகம் வேண்டும், எடுத்துக்காட்டாக அவர் தெரிவித்த வால்வுக் கசிவு எந்தத் தேதியில் சரிசெய்யப்படும் என்று அதே போனில் பதில் வருவது. இப்போதிருக்கிற பெரும்பாலான ஆப்களில் அனுப்புவதற்கு மட்டும்தான் பட்டன் இருக்கிறது.